கடைசி வரிசையைப் பாருங்க

அண்ணி வீடு மாற்றிய அன்று பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பெல்ட் வந்து விழுந்தது. கராத்தே உடுப்போடு சேர்த்துக் கொடுத்த பெல்ட். கடையில் எப்படி மடித்திருந்தார்களோ அப்படியே இருந்தது, மடிப்புகள் மட்டும் பழுப்பேறியிருந்தன. பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அது யார் இடுப்பிலும் ஏறவில்லை. "இதை எதுக்கு அண்ணி இன்னும் வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புடவைகள் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிக்குள் அதைச் செருகினார். அது கட்டப்படாமல் போனதற்குக் காரணம் நான்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அப்போது அண்ணன் துபாயில் இருந்தான். அண்ணியும் எட்டு வயது மகளும் ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அண்ணிக்கு வேலை. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, காவிரிப் பாலத்தின் மேல் நெரிசலில், பின்னால் நின்ற ஒருவன் கைவைத்திருக்கிறான். "கத்தணும்னுதான் நெனச்சேன் தம்பி. குரலே வரல. தொண்டையை யாரோ அமுக்கிப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. இறங்கற வரைக்கும் அப்படியே நின்னுட்டு வந்தேன்" என்றார். சொல்லும்போதுகூடக் குரல் அடங்கித்தான் வந்தது. அண்ணன் போனில், "இனிமே ஷேர் ஆட்டோல போ" என்றான். அண்ணி வேறு முடிவுக்கு வந்திருந்தார். தானும் மகளும் ஏதாவது தற்காப்புக் கலை கற்றுக்கொள்ள வேண்டும். "யாரையும் அடிக்கல்லாம் வேண்டாம் தம்பி. கத்தவாவது தெரியணும்."

நல்ல வகுப்பாகத் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என்னிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது, அதுதான் நான் செய்த பாவம். திருச்சி வெயில் மண்டையைப் பிளக்கும் மாதத்தில் ஞாயிறுதோறும் உறையூர், கே.கே. நகர் என்று சுற்றினோம். அண்ணி போன இடத்திலெல்லாம் ஓரமாக நின்று முழு வகுப்பையும் பார்ப்பார். முன்வரிசையில் காற்றைக் கிழித்துக்கொண்டு உதைக்கிற பிள்ளைகளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். "அவங்க எங்க போனாலும் நல்லா செய்வாங்க. கடைசி வரிசையைப் பாருங்க தம்பி. வராத பிள்ளையை வாத்தியார் என்ன பண்றார்னு பாருங்க" என்பார். ஓரிடத்தில் குண்டாக இருந்த ஒரு பையனை மாஸ்டர் 'பூசணிக்கா' என்று கூப்பிட, வகுப்பே சிரித்தது. அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இன்னோர் இடத்தில் பிள்ளைகள் பொம்மைபோல் அமைதியாக நின்றார்கள். ஆகா, என்ன ஒழுக்கம் என்றேன். அண்ணிக்கு அதுவும் பிடிக்கவில்லை. "என்கிட்ட ரத்தம் குடுக்க வர்ற பிள்ளைங்கள்ல அழற பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. சத்தமே போடாம பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருக்கும் பாருங்க, அதுதான் மயங்கி விழும்" என்றார். மாப்பிள்ளை பார்த்தால்கூட இவ்வளவு குறை சொல்ல மாட்டார்கள் என்று எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது.

ஒரே ஒரு வகுப்பு அவருக்குப் பிடித்தது. அது திருவெறும்பூரில், தொழிற்சாலைக்காரர்கள் குடியிருக்கும் பக்கம், சுவரே இல்லாத ஒரு தகரக் கொட்டகை. ஷிப்ட் வேலை பார்க்கும் ஒல்லியான ஒருவர்தான் மாஸ்டர். சுற்றிலும் பெற்றவர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளோடு பிள்ளைகளாக நரைத்த தலைகளும் குத்து விட்டுக்கொண்டிருந்தன. அங்கே ஒரு வழக்கம். மற்ற இடங்களில் மாஸ்டரோ முதல் வரிசையில் நிற்கும் கறுப்புப் பெல்ட்டோ எண்ணிக்கை சொல்வார்கள். இங்கே கடைசி வரிசைதான் எண்ண வேண்டும். நேற்றுச் சேர்ந்த பிள்ளை 'ஒண்ணு' என்று கத்தினால்தான் கறுப்புப் பெல்ட்காரரும் கையை நீட்டலாம். குரல் வரும்வரை எல்லாரும் அப்படியே காத்து நிற்பார்கள். அண்ணியின் முகம் அன்றைக்குத்தான் மலர்ந்தது. "இங்கயே சேந்துரலாம் தம்பி" என்றார். நான்தான், "ஸ்ரீரங்கத்துலேருந்து ரெண்டு பஸ் மாறணும் அண்ணி, சரிப்பட்டு வராது" என்று முட்டுக்கட்டை போட்டேன். பஸ் மாறப்போவது அவர். கஷ்டம் எனக்கு வந்துவிட்டதுபோல் பேசினேன்.

நான் தேர்ந்தெடுத்தது தில்லைநகரில், அண்ணி வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடியில். வாசலிலேயே கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். சுவரெல்லாம் பெரிய மனிதர்களோடு மாஸ்டர் எடுத்துக்கொண்ட படங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினேன். வகுப்பு தொடங்கியதும் ஷட்டரை இறக்கிவிடுவார்கள், பெற்றோர் கீழே காத்திருக்க வேண்டும். "எதுக்குங்க மூடறீங்க?" என்று அண்ணி கேட்டார். "பேரன்ட்ஸ் இருந்தா பசங்களுக்கு டிஸ்டர்ப் ஆகும் மேடம்" என்றார் மாஸ்டர். அண்ணி என் பக்கம் திரும்பி, "கடைசி வரிசையைப் பாக்க முடியலையே தம்பி" என்றார். "இப்படி ஒவ்வொண்ணுக்கும் குத்தம் பாத்தா ஊர்ல ஒரு கிளாஸும் தேறாது அண்ணி" என்று சிடுசிடுத்துவிட்டு, படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். பெண்களுக்கான பேட்ச் அடுத்த மாதம் தொடங்கும் என்று சொல்லி அண்ணிக்கும் ஒரு உடுப்பையும் பெல்ட்டையும் கட்டிக் கொடுத்தார்கள். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

குழந்தை போய் வந்தாள். மஞ்சள் பெல்ட் வாங்கினாள். பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. பொறுப்பு வந்துவிட்டது என்று நான் வியாக்கியானம் சொன்னேன். ஐந்தாம் மாதம் ஒரு நாள் ஷட்டர் ஏறியபோது, அவளைப் பெரிய பையன்கள் இருவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். இரண்டு கால்களையும் பக்கவாட்டில் தரையோடு தரையாக விரிக்கும் பயிற்சி. அது தானாகப் படிய மாதக்கணக்கில் ஆகும். மேலே அன்றாடம் நடந்தது அதுவல்ல. ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுப்பார்கள், மாஸ்டர் பின்னாலிருந்து தோளை அமுக்குவார். அதைப் பிறகுதான் குழந்தை சொன்னாள். அன்றைக்கு மாஸ்டர் எங்களிடம் பெருமையாகச் சொன்னது இது: "உங்க பொண்ணுக்கு நல்ல தாங்கற சக்தி மேடம். ஒரு சத்தம் போடல."

தொடை இடுக்கில் தசை கிழிந்திருந்தது. மாதக்கணக்கில் படுக்கையும் பிசியோதெரபியுமாக அலைந்தோம். மாஸ்டரிடம் கேட்கப் போனதற்கு, "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் சார்" என்ற பதில்தான் கிடைத்தது. அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "கத்தறதுக்குக் கத்துக்கத்தானே தம்பி அனுப்பினோம்." அந்தக் குழந்தை இப்போது சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். கல்யாண வீடுகளில் இன்றைக்கும் சம்மணம் போட்டு அதிக நேரம் உட்கார முடியாமல் நாற்காலி கேட்பாள். அப்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

இப்போது என் மகளுக்கு ஏழு வயது. "ஏங்க, பக்கத்துலயே இருக்கறதுல சேத்து விடுங்களேன்" என்கிறாள் மனைவி. பக்கத்தில் மட்டும் மூன்று இருக்கின்றன. ஒன்றில் இரண்டே வருடத்தில் கறுப்புப் பெல்ட் உத்தரவாதம். ஒன்றில் பிள்ளைகள் ஓடு உடைக்கும் வீடியோ என் போனுக்குத் தினமும் வருகிறது. மூன்றாவதில் ஷட்டருக்குப் பதில் கறுப்புக் கண்ணாடிக் கதவு, அவ்வளவுதான் முன்னேற்றம். பெரியவர்களும் சேரலாமா என்று கேட்டேன். "ஆன்ட்டிங்களுக்கு ஜூம்பா டான்ஸ் இருக்கு சார்" என்றான் வரவேற்பில் இருந்தவன். தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன். அவனைக் கோபித்து என்ன செய்ய? கோப்பை அலமாரியைப் பார்த்துச் சொக்கி நிற்க என்னைப்போல் ஆயிரம் பேர் இருக்கும்வரை அவன் ஏன் மாறப்போகிறான்?

பெல்ட் விழுந்த மறுநாள் அண்ணிக்குப் போன் செய்தேன். மகளுக்கு வகுப்பு பார்க்க வேண்டும், கூட வரவேண்டும் என்றேன். "என்னை எதுக்குத் தம்பி?" என்றார். "கடைசி வரிசையைப் பாக்க எனக்குத் தெரியல அண்ணி" என்றேன். "ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார்.

திருவெறும்பூரில் அந்தக் கொட்டகை அப்படியே இருந்தது. தகரம் மட்டும் புதிது. மாஸ்டருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. அண்ணி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரமும் கடைசி வரிசையையே பார்த்தார். முதல் வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் வந்து, "யாருக்குங்க பாக்கறீங்க?" என்று கேட்டார். நான் என் மகளைக் காட்டினேன். அண்ணி கைப்பையைத் திறந்து அந்தப் பெல்ட்டை எடுத்தார். அவருக்கு நாற்பத்தொன்பது வயது. மாஸ்டர் சிரிக்கவில்லை, வயதும் கேட்கவில்லை. "சுடிதார்லயே நிக்கலாம், தாராளமா வாங்க" என்றார். ஒரு கல்லூரிப் பெண் வந்து முடிச்சுப் போட்டுவிட்டாள்.

அடுத்த வகுப்பில் கடைசி வரிசையில் இருவர்தான் நின்றார்கள், அண்ணியும் என் மகளும். பெல்ட்டின் மடிப்புகள் நிமிராமல் படிக்கட்டுபோல் மடங்கி மடங்கித் தொங்கின. "பெரியவங்க எண்ணுங்க" என்றார் மாஸ்டர். அண்ணி வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. முன்னால் முப்பது பேர் கை மடக்கிக் காத்து நின்றார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணி மறுபடி திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. "அவசரமே இல்லைங்க" என்றார் மாஸ்டர். மூன்றாவது தடவை வந்தது: "ஒண்ணு!" தஞ்சாவூர் ரோட்டில் போன பஸ்ஸுக்குள் கேட்டிருக்கும். முப்பது கைகள் ஒன்றாக நீண்டன. என் மகள் பயந்துபோய்ப் பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'ரெண்டு' என்று தானும் சேர்ந்து கத்தினாள். பத்து வரைக்கும் எண்ணினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்படத்தான் நினைத்தேன், முடியவில்லை. அந்த மஞ்சள் பெல்ட்காரக் குழந்தை நிற்க வேண்டிய இடம் அது. ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறினால் போதும், பதினோரு வருடத்துக்கு முன்னாலும் இந்தக் கொட்டகை இங்கேதான் இருந்தது.