மேல எது, கீழ எது

விஜிலாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. தூத்துக்குடியில், படகும் வலையுமாக வாழும் குடும்பத்தில் பிறந்துவிட்டு இப்படிச் சொல்வது வெட்கக்கேடுதான். படகில் கால் வைத்தாலே வாந்தியெடுப்பவளை என்ன செய்வது? அப்பா சிலுவை ஒருமுறை கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, "நீ கரையிலயே கெட" என்று விட்டுவிட்டார். அவளோ கரையையும் தாண்டி மலைக்கே போய்விட்டாள்.

காரணம் குடிதண்ணீர். மழை பொய்த்த ஒரு கோடையில், பள்ளிச் சீருடையோடு லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்கி நின்றவள் அவள். எங்கள் ஊர்க் குழாயில் வரும் தாமிரபரணி மேற்கு மலையில் பிறக்கிறது. அங்கே ஏன் ஒரு காலம் கொட்டுகிறது, ஒரு காலம் ஏமாற்றுகிறது என்று அன்றைக்குக் கேட்டவள், கேள்வியை விடவே இல்லை. மனிதர்கள் மழையை அளந்து எழுதிய கணக்கு ரொம்பப் பின்னால் போகாது. மலைச் சதுப்பில் செடிகொடி மக்கிப் படிந்த சேறு போகும். அடியில் பழசு, மேலே புதுசு. கறுத்த சேறு நல்ல மழைக்காலம், வெளுத்து மணல் கலந்திருந்தால் வறட்சி. அதைப் படிக்கத்தான் ஆராய்ச்சியில் சேர்ந்தாள்.

"சேறு வாரவா டாக்டர் பட்டம்?" என்று சிலுவை கேலி செய்வார். பக்கத்து வீட்டில் மட்டும், "எம் மக மலைய ஆராயுதா" என்பார்.

காட்டுக்குள் போக ஒரே முறைதான் அனுமதி கிடைத்தது. சதுப்பிலிருந்து சேற்றை நீளமாக உருவி, துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் குழாய்களில் அடைத்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணைக் கீறினாள். எந்த முனை மேலே என்று காட்ட ஸ்டிக்கர் ஒட்டினாள். வேனில் ஏற்றியதும் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

சேறு கெடாமல் இருக்கக் குளிர் வேண்டும். மீன் கம்பெனியின் குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் மாப்பிள்ளையூரணி வேல்ராஜ், சிலுவைக்காக ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். விஜிலா போனில் சொன்னாள்: "அண்ணாச்சி, ஈரத்துல ஸ்டிக்கர் உரிஞ்சிரும். பெயிண்ட்ல மேல, கீழன்னு எழுதிருங்க."

அவரும் சிரத்தையாக எழுதினார். ஸ்டிக்கர்கள் அவள் சொன்னபடியே உரிந்து விழுந்தன.

அந்தப் பெயிண்ட் எழுத்தை நம்பி, சில குழாய்களின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் சேறெடுத்து, வயதைக் கணிக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். முடிவு வந்தபோது ஒரு குழாய் சரியாக இருந்தது, அடுத்ததில் மேலே கிழச் சேறு, கீழே இளசு. "யானை மிதிச்சுக் கலக்கியிருக்கும்மா" என்றார் அவளுடைய பேராசிரியர். "இத விட்டுட்டு வேற தலைப்பு பாரு." காரணம் கிடைக்காவிட்டால் யானையைச் சொல்லிவிடுவது வசதிதான், அது வந்து மறுக்கப்போவதில்லை. ஆனால் விஜிலாவுக்கு நாலு வருட உழைப்பு மண்ணாய்ப் போனது. மறுபடி காட்டுக்குப் போகவும் வழியில்லை.

குழாய்களை எடுத்துக் கொட்டிவிடுங்கள் என்று சொல்லத்தான் அன்று குளிர் அறைக்குப் போனாள். வேல்ராஜ் சுமை தூக்கும் சுடலைமாடனிடம், "ஏலே, அந்தப் பெட்டிய மேல தள்ளு" என்றார். சுடலைமாடன் பெட்டியைத் தூக்கவில்லை. தரையோடு மேற்குச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டான்.

விஜிலா அப்படியே நின்றாள். "அண்ணாச்சி, குழாயில எத வச்சு மேலன்னு எழுதுனீங்க?"

"எத வச்சா? மேக்க பாத்த முனை மேல. கடலப் பாத்தது கீழ. எந்தத் தெசையில படுக்க வச்சோம்னு ஒனக்குத் தெரியணும்லா?"

அவர் மேல் என்ன தப்பு? இந்த ஊரில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. விஜிலாவின் வீடே கீழத் தெருவில். "மேல நவுந்து ஒக்காரு" என்று அம்மா சொன்னால் மேற்கே நகர்வாளே தவிர, நாற்காலி மேல் ஏறமாட்டாள். படித்த படிப்பு அந்த ஒரு வார்த்தையை மறக்கடித்துவிட்டது.

சேற்றை யானை கலக்கவில்லை. இறக்கியவர்கள் குழாய்களைக் கைக்கு வந்தபடி, சிலதன் மேல்முனை மேற்கேயும் சிலதன் மேல்முனை கிழக்கேயுமாகப் படுக்க வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மீன் பெட்டி மேலேயே உட்கார்ந்து விஜிலா அழுதாள். சந்தோஷத்தில் வந்த அழுகை என்று வேல்ராஜுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

குழாய்களை நெடுக வகுந்து, எண் வரிசையில் வைத்து, முனையோடு முனை பொருத்தினாள். துண்டுபோட்ட சீலாவை மறுபடி முழு மீனாக அடுக்குகிற வேலைதான். கறுப்பு கறுப்போடு சேர்ந்தது. ஒரு குழாயில் வெட்டுப்பட்ட சுள்ளியின் மீதி அடுத்த குழாயில் கிடந்தது. பொருந்தியதும் ஒவ்வொன்றிலும் அவளே பெயிண்டால் எழுதினாள்: ஒரு முனையில் தலை, மறுமுனையில் வால்.

"மீனுக்குச் சொல்லுத மாதிரியா?" என்றார் வேல்ராஜ்.

"ஆமா அண்ணாச்சி. இத இங்கன யாரும் மாத்தி எடுக்க மாட்டாங்க."

புதிதாக அனுப்பிய சேற்றின் வயதெல்லாம் வரிசையாக வந்தது. அவள் பேராசிரியருக்கு போன் போட்டாள். "சார், யானை மேல ஒரு தப்பும் இல்ல."

அன்று சாயங்காலம் வாசலில் அப்பாவிடம் விவரம் சொன்னாள். மலை பலமுறை நீண்ட வறட்சியில் வெளுத்திருக்கிறது.

"பொறவு?" என்றார் சிலுவை.

"பொறவு கறுத்திருக்குப்பா. வர நாளாச்சு. ஆனா ஒவ்வொரு வாட்டியும் மழ வந்திருக்கு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பிறகு, "ஏளா, மேல கறுக்குது பாரு" என்றார்.

விஜிலா அண்ணாந்து பார்க்கவில்லை. மலை இருக்கும் பக்கம், மேற்கே திரும்பிப் பார்த்தாள்.