ஆறு பேர் நின்ற கூடம்

அவன் பெயர் ஹைகல். மலேசியாவின் ஈப்போவில் ஒரு டயர்க் கடையில் அவனுக்கு வேலை. ‘கெலாம்’ என்னும் மெட்டல் இசைக்குழுவில் அவன்தான் பாடகன். கடைசிப் பாட்டின் முடிவில் கண்களை இறுக மூடிக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, மேடையிலிருந்து அப்படியே பின்னால் சாய்வது அவன் வழக்கம். கீழே நிற்பவர்கள் தாங்கிக்கொள்வார்கள். தலைக்குமேல் கைமாற்றிக் கைமாற்றிக் கூடத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, மீண்டும் மேடையில் விடுவார்கள். மேடையில் கால் பதியும்வரை அவன் கண்களைத் திறக்க மாட்டான்.

“தொறந்தா, அவங்கள நம்பலன்னு அர்த்தம், மச்சா” என்பான் என்னிடம்.

கூட்டம் குறைந்தபின், ஓராண்டாக அந்த வழக்கத்தையும் விட்டிருந்தான்.

நான் அக்குழுவின் ஒலியமைப்பாளன். இனி எழுதப்போவதில் ஒரு சொல்லும் கற்பனை அன்று. நம்பாதவர்களுடன் வாதிடவும் எனக்கு விருப்பம் இல்லை. கண்டதை, கண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

முன்பு ஊரில் எங்களுக்கு ஐந்து இடங்கள் இருந்தன. ஒன்று உணவகம் ஆயிற்று. ஒன்றில் சத்தம் என்று புகார். மற்றவை ஒவ்வொன்றாகக் கதவை மூடின. எஞ்சியது, முதலாளி என்ற பொருளில் நாங்கள் ‘தவுக்கே’ என்றழைக்கும் ஃபூங்குடைய பழைய கடைவீட்டின் மூன்றாம் மாடிக் கூடம் மட்டுமே. அதையொட்டிய கட்டடத்தின் மேல்மாடியை, சூப்புக்காக விற்கும் பறவைக்கூட்டுத் தொழிலுக்கு விட்டிருந்தார்கள். பதிவுசெய்த குருவிச் சத்தம் அங்கே நாள் முழுவதும் ஒலிக்கும். அதைக் கேட்டு மெய்யான குருவிகள் வந்து கூடு கட்டும்.

அந்த ஞாயிறு மாலை ஃபூங் மாடியேறி வந்தார்.

“போன தடவ எத்தன பேரு, ஹைகல்?”

“பதினஞ்சு, தவுக்கே.”

“உங்க ஆளுங்களையும் சேத்தா?”

“சேத்துத்தான்.”

ஃபூங் சிரித்துவிட்டார். “பக்கத்துல பாரு. சும்மா டேப்பப் போட்டான், ஆயிரம் குருவி வருது. நீ உசுரோட நின்னு கத்துற, ஒருத்தனையும் காணோம்.”

“குருவிக்கு டிக்கெட் கிடையாதே, தவுக்கே.”

“இன்னிக்கும் கூட்டம் வரலன்னா, அடுத்த மாசம் இங்கயும் குருவிதான். எட்டு மணிக்குள்ள முடிச்சிரு. கீழ லாவ் ஆன்ட்டி தூங்கணும்.”

அவர் இறங்கிப் போனார். இந்தக் கூடமும் போனால், எங்களுக்கு ஊரில் வேறு கூரை இல்லை. ஹைகல் படிக்கட்டின் உச்சியில் நின்று நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு பேர் வந்தார்கள்.

ஆறரைக்குத் தொடங்கினோம். ஆளில்லாத கூடத்தில் ஒலி சுவர்களில் மோதித் திரும்பும். டிரம்ஸின் ஒவ்வோர் அடியும் இரண்டாகக் கேட்கும். உடல்கள் நிறைந்தால்தான் அந்த எதிரொலி அடங்கும். இருபது ஆண்டுகளாக என் காது அறிந்த செய்தி இது.

நான்காம் பாட்டில் எதிரொலி குறையத் தொடங்கியது...

நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

ஐந்தாம் பாட்டில், முற்றிலும் அடங்கிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அதே ஆறு பேர். ஆனால் இப்போது சுவரோரமாக வரிசையாய் நின்றார்கள். நெரிசலான பேருந்தில் இடம் விடுபவர்களைப்போலத் தோள்களைக் குறுக்கிக்கொண்டு. அவர்களுள் ஒருவன் சட்டெனத் திரும்பி, “சாரி, பாஸ்” என்றான்.

அவன் திரும்பிய பக்கத்தில் யாரும் இல்லை.

கூடம் வெந்தது. சுவர்களில் வியர்வை வழிந்தது. நடுத்தரை வெறுமையாகக் கிடந்தது.

கடைசிப் பாட்டு. வெளியே இருட்டிவிட்டது. மேடை விளக்கு ஹைகலின் முகத்தில் அடித்தது.

அவன் திரும்பி நின்றான்.

கண்களை மூடினான்.

“ஹைகல்! வேணாம்டா!”

என் குரல் டிரம்ஸில் கரைந்துபோயிற்று.

சாய்ந்தான்.

விழுந்த ஓசை... கேட்கவில்லை.

அவன் தரையில் இல்லை.

என் தலைக்கும் சற்று மேலே, மல்லாந்து, ஒன்றுமில்லாததன்மேல் கிடந்தான். அவன் சட்டை முதுகில் பல இடங்களில் அழுந்தியிருந்தது.

விரல் விரலாக.

வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அவன் நகர்ந்தான்.

கைமாறி... கைமாறி...

என்னைக் கடந்து போனான். பழைய நாள்களில் சிரிப்பதைப்போலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மேடையில் கால் பதிந்தது. கண்களைத் திறந்தான். சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தான். வெறுந்தரையைப் பார்த்தான்.

“எத்தன பேரு, மச்சா?”

“ஆறு.”

“நெறஞ்சிருக்குன்னு நெனச்சேன்... கழுத்துல மூச்சு பட்டுச்சு.”

எட்டு மணிக்குக் கூடத்தைப் பூட்டிக்கொண்டு இறங்கினோம்.

மறுநாள் ஃபூங் எங்கள் இருவரையும் கூடத்துக்கு அழைத்தார். கூடம் போயிற்று என்று எண்ணிக்கொண்டே சென்றோம். அங்கே, கூடத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் குடியிருக்கும் திருமதி லாவ் அமர்ந்திருந்தார். மடியில் ஒரு பிஸ்கட் டின். அதில் அவர் வீட்டுக் கூரையிலிருந்து பெயர்ந்து விழுந்த காரைத் துண்டுகள்.

“எத்தன நூறு பேர ஏத்தினீங்க?” என்று அவர் கேட்டார்.

ஃபூங்குக்கோ வாயெல்லாம் பல். “கூட்டம் வந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? கூடம் ஒனக்குத்தான், ஹைகல். கொஞ்சம் மெல்லக் குதிக்கச் சொல்லு, அவ்வளவுதான்.”

“நான் கேக்க வந்தது அது இல்ல” என்றார் திருமதி லாவ். “பாட்டு எட்டு மணிக்குள்ளயே நின்னுருச்சு. நீங்க பூட்டிட்டு வண்டியில ஏறினத ஜன்னல்லேர்ந்து பாத்தேன். அதுக்கப்புறமும் குதிச்சாங்க. விடியற வரைக்கும்.”

எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“அவங்கள ஏன் உள்ள வச்சுப் பூட்டினீங்க?”

பக்கத்துக் கட்டடத்துக் குருவிச் சத்தம் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

“அடுத்த மாசமும் பாடுறோம், தவுக்கே” என்றான் ஹைகல்.

படியிறங்கும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

“சாயத்தான் போறேன், மச்சா. கண்ண மட்டும் தொறக்க மாட்டேன்.”