கிழங்கில் எடுத்த அளவு

மக்களே, நம்ம வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிற இரட்டைக்குழல் ரைபிளை அப்பா ஏன் ஒரு தடவைகூடச் சுடவில்லை என்று கேட்டீர்கள். ஆசை இல்லாமல் இல்லை. தோட்டா கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அது ரப்பர் எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது உங்கள் தாத்தாவுக்குக் கொடுத்தது. தாத்தா கைபட்ட பொருள் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது அதிகாரி சொன்னார்: "பயிரைக் காக்கத்தானே லைசென்ஸ்? இதுவரை ஒரு தோட்டாகூட வாங்கலியே. வாங்கிக் காட்டும். இல்லைன்னா துப்பாக்கிய ஒப்படைச்சிரும்."

வாங்கலாம் என்றால் என்ன அளவு என்று தெரிய வேண்டும். குழலில் எண் வெட்டியிருந்தது உண்மைதான். ஆனால் கிறிஸ்மஸுக்கு வீடு வெள்ளையடிக்கும்போதெல்லாம் உங்கள் அம்மா பாத்திரங்களோடு அதையும் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். எண் போய், குழல் பளபளவென்று ஆகிவிட்டது.

நாகர்கோவிலில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறவருக்குப் போன் செய்தேன். "துப்பாக்கியக் கொண்டு வாரும்" என்றார். சபையில் காணிக்கைப் பை பிடிக்கிறவன் நான். துப்பாக்கியோடு வடசேரி பஸ்ஸில் எப்படி ஏறுவது? யோசித்தேன். வெளியூரில் மரவள்ளி என்பார்களே, அந்த மரச்சீனியில் ஒரு மூடு தோட்டத்திலிருந்து பிடுங்கி, கிழங்கைச் சீவிச் சீவி, குழல் வாயில் இறுக்கமாக நுழைகிற மட்டும் கொண்டுவந்தேன். மறுநாள் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"என்னவே, தீனியா?"

"இல்ல, அளவு."

அவர் சிரிக்காமல் கருவியை வைத்து அளந்து குறித்துக்கொண்டார். அது பெரிய மனசு.

கொஞ்ச நாள் கழித்துப் போன் வந்தது. "வெளியூர்ல ரெண்டு தோட்டா கிடைச்சிருக்கு. இந்தத் தடவ துப்பாக்கியோடதான் வரணும்."

போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் தொட்டுப் பார்த்தார்.

"பைப்பா?"

"ஆமா."

"ரெண்டு இருக்கே?"

"ஒண்ணு பச்சத்தண்ணி, ஒண்ணு வெந்நி."

"வசதியான வீடுதான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கினார்.

கடைக்காரர் தோட்டாவைக் குழலில் போட்டார். கடகடவென்று ஆடியது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிழங்க எப்ப வே சீவினீரு?"

"இங்க வந்ததுக்கு முந்தின நாளு."

"மரச்சீனி வச்சுப் பொழைக்கிற ஆளு. வாடினா சுருங்கும்னு உமக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? வாடினால் எடை குறையும் என்று கிழங்கு வியாபாரியிடம் வருஷம் தவறாமல் சண்டை போடுகிறவன் நான். துப்பாக்கி என்றதும் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

இந்த முறை குழலையே அளந்தார். அளந்ததும் கருவியை மேசையில் வைத்துவிட்டார். "இதுக்குத் தோட்டா செய்த கம்பெனிய எப்பவோ மூடியாச்சு. சீமையில எவனாவது செய்து தந்தாலும், அது இங்க வந்து சேர நம்ம ஆயுசு காணாது."

"அப்போ ஒப்படைச்சிரணுமா?" போர்வையை எடுத்துத் துப்பாக்கியை மறுபடி சுற்றிக்கொண்டே கேட்டேன்.

"எதுக்கு? தகப்பனார் வழி வந்த பொருள்னு எழுதிக் குடும். தோட்டா இல்லாம வச்சிக்கிடச் சட்டத்துல இடம் இருக்கு."

அப்படியே எழுதிக்கொண்டு போய் அதிகாரி முன்னால் நின்றேன். கிழங்கு முதல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில், "அப்போ இத வச்சுச் சுடவே முடியாது?" என்றார்.

"முடியாது ஐயா."

"நிச்சயமா?"

"தோட்டாவே உலகத்துல இல்ல ஐயா."

"இப்படிப்பட்ட துப்பாக்கிதான்வே எனக்கும் நிம்மதி" என்று கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான், அவர் முதலிலேயே என்னை உட்காரச் சொன்னது ஞாபகம் வந்து, உட்கார்ந்தேன்.