டேங்க் மூடி

படகுத்துறையில் அவருக்குப் பெயர் இன்ஜின் டாக்டர். கைராசிக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம். மச்சானின் படகு மோட்டார் ஒருநாள் இருமி இருமி ஓடியது. கார்புரேட்டரைக் கழுவி, பெட்ரோல் டேங்கையும் தானே நிரப்பித் தூக்கிவந்து படகில் வைத்தார். "இனிமே டேங்க்ல கைய வச்சீங்க, நான் பொறுப்பில்ல!" என்று கண்டித்தும் அனுப்பினார்.

அடுத்த நாளே மோட்டார் நடுத்தண்ணீரில் நின்றது. பட்டறையில் வேறு டேங்கை மாட்டிப் பார்த்தால் கும்மென்று ஓடியது. அப்படியானால் பெட்ரோலில்தானே கோளாறு? "நான் ஊத்தினதுக்கு மேல கண்ட இடத்துல வாங்கி ஊத்தியிருக்கீங்க!" என்று துறையே வேடிக்கை பார்க்க மச்சானை வாங்கு வாங்கென்று வாங்கினார். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, அதே டேங்கைத் தானே நிரப்பிக் கொடுத்தார். மறுபடியும் நின்றது. மச்சான் மறுபடியும் துடுப்புப் போட்டே கரை சேர்ந்தார்.

கடைசியில் டாக்டரே கூடப் போனார். பாதி வழியில் மோட்டார் அடங்கியது. குனிந்து பார்த்தால், டேங்க் பட்டினி வயிறாக ஒட்டிக் கிடந்தது. மூடியிலிருந்த காற்றுத் திருகைத் தளர்த்தினார்; அதன் வழியே காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் வெளியே வரும். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது, டேங்க் டொக்கென்று உப்பியது. தூக்கிவரும்போது சிந்தக்கூடாதென்று அதை இறுக்கியவர் அவர்தான். திறக்க மறந்தவரும் அவர்தான்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "நீங்களாவது திறந்திருக்கலாமே, மச்சான்?"

"எப்பவும் திறப்பேன், மாப்ள. நீங்கதான் கை வைக்கக்கூடாதுன்னுட்டீங்களே."

குத்தலாகச் சொல்லவில்லை. துடுப்புப் போட்டுக் கொப்பளித்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே சொன்னார்.