ஒரே பெயரில் இருவர்

கல்லறைத் திருநாள் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும் பொறுப்பு இந்த முறை எனக்கு. கோயிலில் இருந்த பழைய நோட்டைப் பார்த்தால், ஓரமெல்லாம் கறையான் தின்றிருக்கிறது!

மிச்சமும் போவதற்குள் மகள் ஜெனியிடம் நீட்டினேன். இன்ஜினியரிங் படிக்கிறாள். "ஏட்டி, இத உனக்க கம்ப்யூட்டர்ல ஏத்தித் தாயேன்."

பைத்தான் என்ற கணினி மொழியில் டிக்‌ஷனரி போட்டிருப்பதாகச் சொன்னாள்.

"அகராதியா?"

"இல்லம்மா. அடுக்களை டப்பாவ நெனச்சுக்கிடுங்க. மேல பேரு, உள்ள விவரம். பேரச் சொன்னா டப்பா தெறக்கும். பத்தாங்கிளாஸ் படிச்ச உங்களுக்கு இது போதும்."

கிண்டல்தான்... ஆனால் புரிந்துவிட்டதே!

பூசையில் மூன்றாம் வரிசையில் சகாயம் அக்கா, கையில் மெழுகுவர்த்தியோடு. அவர் மகன் மரிய ஆன்றணி கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மற்றவர்களுக்குத் திரி கொளுத்தக் கல்லறை உண்டு. அக்காவுக்கு? பூசையில் வாசிக்கும் அந்தப் பெயர் மட்டும்தான்.

"மரிய ஆன்றணி..." என்றேன். அக்கா எழுந்தார்.

"...தோமாஸ் மகன்."

அக்கா பைய உட்கார்ந்தார். அது அவர் கொழுந்தன் மகன், நோயில் இறந்தவன். எங்கள் கரையில் மூத்த பையனுக்குத் தாத்தா பெயர்தான் – அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் ஒரே பெயர் இருக்கும். கடைசிவரை அக்காவின் கணவர் பெயரோடு 'சேவியர் மகன்' வரவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜெனி லேப்டாப்பைத் திறந்தாள். முகம் வெளிறிவிட்டது. டிக்‌ஷனரியில் ஒரு பெயருக்கு ஒரு டப்பாதானாம். அதே பெயரில் இன்னொருவரைப் போட்டால் முதல் ஆள் வெளியே... எர்ரர்கூட வராதாம்!

மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டோம். வாசலில் சகாயம் அக்கா. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"மக்ளே, எனக்க பிள்ளைக்க பேர எடுத்துட்டியளே... எங்கயாவது உயிரோட இருக்கான்னு தகவல் வந்துதா?"



ஜெனிதான் சொன்னாள், அழுதுகொண்டே. "இல்ல பெரியம்மா... நான் தப்பா எழுதிட்டேன்."

அக்கா முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்தார்.

"அழாதட்டி. கோயில்ல இருந்து இங்க நடந்து வாறது வரைக்கும் எனக்க பிள்ள உயிரோட இருந்தாம்லா."

சாயங்காலம் ஜெனி புரோகிராமை மாற்றினாள். இனி ஒரு பெயருக்குள் எத்தனை பேரும் இருக்கலாம். 'சேவியர் மகன்' என்று டைப் செய்தவள் அப்படியே நின்றுவிட்டாள்... விரல் எண்டர் பொத்தானுக்குப் போகவில்லை.

ஆண்டவரே, நான்தான் அழுத்தினேன்.