கோச் சார் சொன்னால் சரிதான்

அந்த உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர்களுக்கு அவர் கோச் சார். பிள்ளைகள் மட்டும் முதுகுக்குப் பின்னால் ‘ஒரே ரவுண்டு’ என்பார்கள். மூச்சு வாங்க ஓடி வந்து நிற்பவர்களிடம், “அவ்வளவுதான், இன்னும் ஒரே ஒரு ரவுண்டு” என்பார்; அந்த ஒன்று எப்படியும் நான்காகிவிடும். ஆனாலும் யாரும் முணுமுணுத்ததில்லை. அவர் சொன்னால் கால் தானாக ஓடும்.

பத்தொன்பது வருடம் அப்படிப் போயிற்று. இதற்குள் பாதி மைதானத்தைப் புதுக் கட்டடம் விழுங்கியிருந்தது. விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கடனாக வாங்கிப் போவார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. கோப்பையோடு வந்தால்கூடத் தலைமையாசிரியை, “அலமாரியில இடம் இருக்கா பாருங்க” என்று சொல்லிவிட்டுக் காகிதங்களில் குனிந்துகொள்வார்.

அப்போதுதான் நீளம் தாண்டும் மாணவி ஒருத்தியின் தகப்பனார் அவரைப் பார்க்க வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும் குரல். மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இத்தனை வருஷத்துல எத்தனை பிள்ளைங்க உங்ககிட்டப் பழகியிருப்பாங்க, சார்?”

“ஆயிரத்துக்குக் குறையாது.”

“அவங்க போன் நம்பர் எல்லாம் வச்சிருக்கீங்களா?”

“பாதிப் பேரு இன்னும் பேசுறாங்களே!” என்றார் கோச் பெருமையாக. இப்படி ஒரு கேள்வி எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய ஹாலுக்கு அவரை அழைத்துப் போனார்கள். பெயரைச் சொன்னதும் முந்நூறு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். விற்பது ஒரு சத்து மாவு. நாம் குடிக்க வேண்டும், நாலு பேரைச் சேர்க்க வேண்டும், அவர்கள் ஆளுக்கு நாலு பேரைச் சேர்ப்பார்கள். ஒவ்வொருவர் வாங்குவதிலும் மேலே இருப்பவருக்குப் பங்கு. “இது வியாபாரம் இல்லை, சார். குடும்பம்” என்றார் மெல்லிய குரல்காரர்.

கோச்சின் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல என்னென்ன சேர்த்திருக்காங்கன்னே போடலையே.”

“எடுத்ததும் குத்தம் சொல்ல ஆரம்பிச்சிட்டியா?”

“குத்தம் சொல்லலைங்க. பயமா இருக்குன்னு சொல்றேன்.”

போட்டிகள் நெருங்கும் நேரத்தில் அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். “ஆறு மாசம் லீவு போட்டுப் பாருங்களேன், சார்” என்று தலைமையாசிரியை கெஞ்சாத குறையாகச் சொன்னார். லீவு போட்டு வருகிறவர்கள் அரை மனதோடு வருகிறவர்கள் என்று மெல்லிய குரல்காரர் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள் ஏறின. பழைய அணிப் பட்டியல்களை விரித்து வைத்துக்கொண்டு அவர் போனை எடுத்தார். முதல் அழைப்பு, ஒரு காலத்தில் பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பராக இருந்தவனுக்கு.

“கோச் சார், நீங்க சொன்னா சரிதான். என்ன ஏதுன்னுகூடக் கேக்க மாட்டேன்” என்றான் அவன்.

அன்று பேசிய எல்லோருமே ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஆறு மாதத்தில் அவர் நேரடியாகச் சேர்த்தவர்களே அறுபத்து மூன்று பேர். மேடையில் ஏற்றிச் சட்டையில் பேட்ஜ் குத்தினார்கள். பல் டாக்டரிடம் போனாலும், லிஃப்டில் ஏறினாலும் அதே பேச்சு. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த மைத்துனரைப் பார்க்கப் போனவர், பக்கத்துக் கட்டில்காரரிடம் டப்பாவைத் திறந்தார். “அத்தான், என்னைப் பாக்க வந்தீங்களா, ஆள் பிடிக்க வந்தீங்களா?” என்றார் மைத்துனர். சிரித்துக்கொண்டே கேட்டதுதான், அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. கோச் பையோடு தெருவில் இறங்கினால் எதிரே வருபவர்களுக்குத் திடீரென்று வேறு வேலை வந்தது.

அந்த அறுபத்து மூவரில், பள்ளி நாட்களில் ‘மான்’ என்று அவரே செல்லப் பெயர் வைத்த நெடுந்தூர ஓட்டக்காரியும் ஒருத்தி. சிறு வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. வேளை தவறாமல் மாத்திரை போட வைத்தவரே அவர்தான். இப்போது அவள் கேட்டாள்: “சார், இதைக் குடிச்சா அந்த மாத்திரை வேணாமா?”

மாத்திரைகளைத் தூக்கி எறிந்த கதைகளை ஹாலில் வாரந்தோறும் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

“உடம்பு தானா சரியாகும்மா. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திப் பாரு.”

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவளுடைய அம்மா வந்து வாசலில் நின்றார். உட்காரச் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

“வலிப்பு வந்து மாடிப்படியில உருண்டுட்டா. தாடை உடைஞ்சு கம்பி கட்டியிருக்காங்க, பேச முடியாது. மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னதுன்னு டாக்டர் கேட்டாரு. ‘எங்க கோச் சார்’னு எழுதிக் காட்டுறா. பெருமையா எழுதிக் காட்டுறா, சார்.”

அந்த அம்மா போனதும் கோச் மெல்லிய குரல்காரரை அழைத்தார். ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் வந்தது. “அளவு தப்பா எடுத்திருப்பாங்க, சார். ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதீங்க. யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்காதீங்க.” பலமுறை சொல்லிப் பழகிய வாக்கியங்கள் அவை என்பது கோச்சுக்கு உறைத்தது.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரைக் கண்டதும் எழ முயன்ற அவள், தாளில் எழுதிக் காட்டினாள்: ‘அளவு தப்பா எடுத்துட்டேனா சார்?’

ஆமாம் என்றால் அவள் நம்பிவிடுவாள். அவ்வளவு சுலபம். கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

“இல்லம்மா. நான் சொன்னதுதான் தப்பு.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றே அறுபத்து மூன்று பேரையும் திரும்ப அழைத்தார். பதினோரு பேர்தான் எடுத்தார்கள். கோல்கீப்பர் எடுத்தான். அவர் விட்டுப் போன வேலையில் பள்ளியில் இப்போது இருப்பவன் அவன்தான். அவனுக்குக் கீழே மட்டும் நூற்று நாற்பது பேர். ஒருவரையும் கோச்சுக்குத் தெரியாது.

“மனசு தளர்ந்தவங்க பேச்சைக் காதுல போட்டுக்காதேன்னு நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க? உடம்பைப் பாத்துக்குங்க” என்று அன்பாகச் சொல்லிவிட்டு வைத்தான்.

மறுநாள் அவர் தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னார். இருவருமாகப் போய் விளையாட்டு அறையைத் திறந்தார்கள். பந்து வலைக்குப் பின்னால் டப்பாக்கள். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த பதினான்கு தம்ளர்கள். ஓட்ட அணியில் பதினான்கு பிள்ளைகள்.

கோல்கீப்பர் வாசலில் வந்து நின்றான். முகத்தில் கலக்கமே இல்லை. “எல்லா வீட்டுலயும் கையெழுத்து வாங்கியிருக்கேன், மேடம்.”

அன்றே டப்பாக்களை வெளியேற்றி அறையைப் பூட்டினார்கள். பெற்றோருக்குக் கடிதம் போயிற்று. குறித்த நாளில் ஒன்பது வீட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நடந்ததைச் சொல்லக் கோச் மூலையில் ஒரு நாற்காலியில் காத்திருந்தார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“பிள்ளைங்க முன்னைவிட வேகமா ஓடுறாங்க, மேடம்” என்றார் ஒரு தாய். “நல்லா போயிட்டிருந்ததை ஏன் நிறுத்துனீங்க?”