இடுப்புக் கயிறு

பலா மரம் ஏறுகிறவர்களுக்கு இரண்டு கயிறு உண்டு. ஒன்று பழத்துக்கு, இன்னொன்று ஆளுக்கு. பழத்துக்குக் கயிறு கட்டாமல் எங்கள் பண்ருட்டிப் பக்கம் ஒருவனும் காம்பில் அரிவாளை வைக்க மாட்டான். உயரத்திலிருந்து விழுந்து வெடித்த பழத்தை யார் வாங்குவார்கள்? ஆளுக்குக் கட்டுவது மட்டும் அவரவர் இஷ்டம். நான் பெரும்பாலும் கட்டாத கட்சி. என் கூட்டாளி கட்டுகிற கட்சி.

பதினெட்டு வருஷம் நாங்கள் சேர்ந்து மரம் ஏறினோம். சொந்தம் எதுவும் இல்லை, ஆனாலும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். சீசனில் பலா, மற்ற நாட்களில் தேங்காய். புயல் அடித்துவிட்டால் கடலூரிலும் சிதம்பரத்திலும் வீடுகளின் மேல் சாய்ந்து கிடக்கும் கிளைகளை வெட்டக் கூப்பிடுவார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. மேலே இருப்பவர் பழத்தைக் கயிற்றில் கட்டி, கயிற்றை ஒரு கிளை மேல் போட்டு, காம்பை வெட்டுவார். கீழே இருப்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். வாய் பேசிக்கொண்டே இருந்தாலும் கை அதன் வேலையைச் செய்யும்.

அவர் மேலே போனால் முதல் வேலை தன் இடுப்பில் சுற்றிய நீளக் கயிற்றை மரத்தோடு சேர்த்துக் கட்டுவதுதான். கட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். திரும்ப இழுத்துப் பார்ப்பார். கீழே நின்று எனக்குக் கழுத்து வலிக்கும்.

“தாலியா கட்டுற? மூணு முடிச்சு போடுற!” என்று கத்துவேன்.

“ஒனக்கு அழுவ யாருமில்ல, ஏறிடுவ. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுடா” என்பார்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு என்றாலும் உண்மைதான். எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் அமையவில்லை. பண்ருட்டியில் ஒரு ரூம், அதில் ஒரு பாய், ஒரு ஃபேன். வேலை முடிந்தால் திருவதிகையில் அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவர் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். அவள் முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறவள். கையெல்லாம் கொட்டைப் பால் பட்டுக் கறுத்திருக்கும். நான்கு பேருக்குச் சமைத்தாலும் ஐந்து தட்டு வைத்துவிட்டு, “அண்ணே, கைய கழுவிட்டு வாங்க” என்பாள். உலகத்தில் என்னைக் கைகழுவச் சொன்ன ஒரே வீடு அது.

போன சீசனில் ஒரு நாள். முந்தின சாயங்காலம் மழை பெய்து மரமெல்லாம் ஈரமாக இருந்தது. அன்றைக்கு ஏறியிருக்கவே கூடாது. ஆனால் தோப்பைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரிக்குக் கடை வாசலில் வைக்கப் பெரிய பழமாக வேண்டும், ஒரு கீறல் விழக் கூடாது என்றார். ஏறினோம். அதாவது, மச்சான் ஏறினார். நான் கீழே நின்றேன்.

ஏழெட்டுப் பழம் இறக்கியாகிவிட்டது. மேல் கிளையில் ஒரே காம்பில் இரண்டு பழம், இரண்டும் குண்டு குண்டாக. ஒன்றை மட்டும் கட்டினால் வெட்டும்போது மற்றது பிய்த்துக்கொண்டு விழும்.

“மச்சான், ஜோடியா இருக்குது. இன்னொரு கயிறு வேணும்” என்றார்.

“வண்டில இருக்குது.”

“எடுத்தாயேன்.”

வண்டி தோப்புக்கு வெளியே ரோட்டோரம் நின்றது. போய்வர ஐந்து நிமிஷம் ஆகும். வெயில் ஏறிவிட்டது, பசி வேறு. எனக்குச் சோம்பேறித்தனம். வேறு ஒரு காரணமும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

“இடுப்புக் கயித்த அவுத்து அதுல போட்டுடு மச்சான். ரெண்டு நிமிஷ வேல” என்றேன்.

இடுப்பு முடிச்சை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு, “கீழ நீதான இருக்குற, சரி” என்றார்.

அவிழ்த்தார். இரண்டாவது பழத்தையும் கட்டினார். இரண்டு கயிற்றையும் நான் பிடித்துக்கொண்டேன். காம்பை வெட்டினார். அத்தனை கனமும் ஒரேயடியாகப் போனதும் கிளை மேலே துள்ளியது. ஈரக் கிளை. அவர் விழுந்த சத்தம் கேட்டது. அப்போது நான் செய்ததை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். நான் கயிற்றை விடவில்லை. என் கை பழக்கப்படி பழத்தை இறக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பழமும் தரையில் உட்கார்ந்த பிறகுதான் ஓடினேன். பழத்தில் ஒரு கீறல் இல்லை. மச்சான் கண்ணைத் திறக்கவில்லை. கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் வியாபாரி என்னைப் பிடித்து உலுக்கினார்.

“எப்பவும் கயிறு கட்டுற ஆளாச்சேய்யா, இன்னிக்கி ஏன் கட்டல?”

“அவரா அவுத்துட்டாருங்க” என்று என் வாயிலிருந்து வந்தது.

அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒரு வாக்கியம் எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. பிணத்தை எடுக்கும்போதே பேசிக்கொண்டார்கள், அவசரக்காரன், தைரியம் ஜாஸ்தி, பொண்டாட்டி புள்ளையை நினைக்காதவன் என்று. கட்டாத கட்சிக்காரன் நான் உயிரோடு நின்று அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி அழவில்லை. அதிர்ச்சி என்று முதலில் எல்லோரும் நினைத்தோம். ஒரு மாதம் கழித்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “எங்கள ஒரு நிமிஷம் நெனச்சிருந்தா அந்தாளு கயித்த அவுத்திருப்பாரா அண்ணே? நாங்க வேணான்னுதான அவுத்தாரு. நான் எதுக்கு அழுவணும்?”

வாயிலிருந்த சோற்றைத் தண்ணீர் குடித்து இறக்கினேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தத் தட்டு போய்விடும். எனக்கு இருந்தது அந்த ஒரு தட்டுதான். சொல்லவில்லை. பத்து மாதம் அவள் கையால் சாப்பிட்டேன், பத்து மாதமும் அவள் அவரைத் திட்டுவதைக் கேட்டேன். பெண்களும் அப்பா பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார்கள்.

மச்சான் போய் இரண்டு மாதம் கழித்து நான் திரும்ப மரம் ஏறினேன். வேறு வேலை தெரியாது. இடுப்புக் கயிறு இல்லாமல் இப்போது ஒரு அடி ஏற மாட்டேன். ஒரு கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கட்டிவிடுகிறேன். உபரிக் கயிற்றை வண்டியில் விடாமல் மரத்தடியில் வைக்கிறேன். கீழே நிற்பதற்கு ஆள் கிடைக்கிறார்கள், ஆனால் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மேலே உட்கார்ந்து நான் எதையாவது சொன்னால், “இன்னாங்க?” என்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன். உச்சிக் கிளையில் காற்று நன்றாக வரும். அங்கே உட்கார்ந்து சில நாள் அழுதிருக்கிறேன். அழுவதற்கு அது வசதியான இடம்தான், கயிறு கட்டியிருந்தால்.

இந்தத் தடவை சீசனுக்கு முன்னால் சிதம்பரத்தில் மரம் ஏறுகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தோம். பாடம் எடுத்தவர் நல்ல மனுஷர். பெல்ட்டை மாட்டிக் காட்டினார், ஹெல்மெட் போடச் சொன்னார், ஈர மரத்தில் ஏறாதீர்கள் என்றார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. பிறகு சொன்னார்:

“போன சீசன்ல பண்ருட்டிப் பக்கம் ஒருத்தர். பழத்துக்குக் கயிறு பத்தலன்னு தன் இடுப்புல இருந்தத அவுத்துப் பழத்துக்குக் கட்டியிருக்காரு! பழம் பத்திரமா எறங்கிடுச்சு, ஆளு போயிட்டாரு. இந்தப் புத்திசாலி மாதிரி யாரும் பண்ணாதீங்க.”

மண்டபம் சிரித்தது. பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை, டீ வரும் நேரத்தில் வருகிற சிரிப்பு. மூன்று முடிச்சு போட்டு இழுத்து இழுத்துப் பார்த்த மனுஷனைப் பார்த்துச் சிரித்தார்கள். யார் மேல் கோபம் என்று தெரியாமலே எழுந்துவிட்டேன்.

“அவரா அவுக்கலிங்க. அவுக்கச் சொன்னாங்க.”

“யாரு சொன்னது? ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் பாடம் எடுத்தவர்.

“நான்தாங்க சொன்னேன். கீழ கயிறு புடிச்சவன் நான்தான். வண்டில இன்னொரு கயிறு இருந்துச்சு. எடுத்தாரச் சொன்னாரு. நான் போவல.”

பாடம் எடுத்தவர் கையிலிருந்த பெல்ட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, “ஒக்காருங்க” என்றார், மெதுவாக. என் பக்கத்து நாற்காலிக்காரர் டீக்கு எழுந்து போனார், திரும்ப அங்கே வந்து உட்காரவில்லை.

அந்தக் கூட்டத்தில் பண்ருட்டி ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள், மூன்று பேர் கையிலும் ஃபோன் இருந்தது. அவர்கள் வாயிலிருந்து போவதற்குள் நான் போய்ச் சொல்லியாக வேண்டும். பாதியில் கிளம்பி கடலூர் பஸ்ஸில் ஏறினேன். கடலூரில் மாறிப் பண்ருட்டி பஸ். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். பத்து மாதம் சொல்லாதவனுக்கு அன்றைக்கு பஸ் நகர மாட்டேன் என்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது தங்கச்சி வேலையிலிருந்து வந்து சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் இன்னும் வரவில்லை.

“வாங்க அண்ணே. கொழம்பு சுட வெக்கிறேன், கைய கழுவுங்க” என்றாள்.

“மொதல்ல ஒக்காரும்மா” என்றேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். ஜோடிப் பழம், வண்டியில் கயிறு, ஐந்து நிமிஷம், நான் சொன்னது, அவர் சொன்னது, ஆஸ்பத்திரி வாசலில் நான் சொன்ன பொய். எதையும் குறைக்கவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இன்னொரு கயிறு கேட்டாரா?” என்றாள்.

“கேட்டாரும்மா.”

“அவுக்கறதுக்கு முன்னாடி கேட்டாரா?”

“ஆமா. எடுத்தாயேன்னு கேட்டாரு.”

“அப்ப பயந்துதான் இருந்திருக்காரு. எங்கள நெனச்சிக்கினுதான் இருந்திருக்காரு.”

“ஆமாம்மா.”

அவள் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். பிறகு, “ஏங்க…” என்றாள். அடுத்த அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி. “ஏங்க… பத்து மாசமா திட்டிட்டேனேங்க… ஏங்க…” சாம்பல் கையோடு முகத்தை மூடிக்கொண்டு தரையில் சரிந்தாள். புருஷன் செத்த அன்றைக்கு அழ வேண்டிய அழுகை அது. பக்கத்து வீட்டுக்காரிகள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு வழி விட்டு நான் வெளியே வந்தேன். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்து அங்கே ஒரு ஓட்டலில் சாப்பிட்டேன். இப்போதும் அங்கேதான் சாப்பிடுகிறேன்.